மொரிஸ் மைனர் கொட்டிலில் கிடக்கிறது. கந்தளாய்க்கு ஓட எந்தப் பழைய காரை வாங்கலாம்?

உப்புவெளியான்:
வணக்கம். என்னிடம் ஏற்கெனவே ஒரு மொரிஸ் மைனர் இருக்கிறது. இருக்கிறது என்பதைவிட, கொட்டிலில் கிடக்கிறது என்பதே சரி. மூன்று வருடமாகக் கதவுகள் சுவரோரம் சாய்ந்திருக்கின்றன. ஆசனங்கள் மாமியார் வீட்டு விறாந்தையில். ஒருநாள் அதில் கோணேசர் கோயிலுக்குப் போவோம் என்று சொல்லிச் சொல்லி, இப்போது எப்போது என்று கேட்பதற்குக்கூட வீட்டில் ஆளில்லை.

இதற்கிடையில் வேலை கந்தளாய்க்கு மாறிவிட்டது. போக வர 80 கிலோமீற்றருக்கு மேல். தினமும் நம்பி ஏறக்கூடிய கார் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அடியில் படுத்துக் கிடக்க அதில் கொஞ்சம் வேலையும் இருக்க வேண்டும். இரண்டு டொயோட்டா கொறோலா கே.இ. 70 பார்த்திருக்கிறேன்.

ஒன்று நிலாவெளியில். புது வெள்ளைப் பெயின்ற். 4கே எஞ்சினைப் பிரித்துச் செய்திருக்கிறார்கள், தையல் இயந்திரம்போல ஓடுகிறது. ஒரேயொரு குறை: 60க்கு மேல் பத்து நிமிடம் ஓட்டினால் சூட்டு முள் ஏறுகிறது. நிறுத்தி எஞ்சினை மெதுவாக ஓடவிட்டால் இறங்குகிறது. "கச்சான் வெப்பக்காற்றுக் காலத்தில் எல்லாக் காரும் அப்படித்தான்" என்கிறார் விற்பவர்.

மற்றது மாத்தளையில். நிறம் வெளிறிவிட்டது. காலையில் நீலப் புகை தள்ளுகிறது, இரண்டாம் கியர் முறைக்கிறது. விலை குறைவு. நண்பர்கள் எல்லோரும் நிலாவெளிக் காரையே சொல்கிறார்கள். இந்தச் சூடு பெரிய விடயமா?

பாலையூற்றுக் கராஜ்:
தம்பி, சூட்டைப் பிறகு பார்ப்போம். அந்தக் கார் எத்தனை வருடம் கடற்கரையில் நின்றது என்று கேட்டீர்களா? உங்கள் ஊருக்குப் பெயரிலேயே உப்பு இருக்கிறது, நிலாவெளியும் அதற்குக் குறைந்ததல்ல. மார்கழி வாடையில் கடலிலிருந்து வரும் ஈரம் கதவுக்குக் கீழுள்ள படிப்பெட்டிக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிடும். கார் உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ற் பளபளக்கும்.

ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு போங்கள். படிப்பெட்டி, பின்சக்கர வளைவு, முன் கண்ணாடியின் கீழ் விளிம்பு, மேலதிகச் சக்கரம் வைக்கும் குழி. ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, பூச்சுமாவு இருக்கிறது. கால்விரிப்பைத் தூக்காமல் ஒரு ரூபாயும் பேச வேண்டாம்.

4கே எஞ்சின் 1290 சிசி, வார்ப்பிரும்பு புளொக், சங்கிலியில் ஓடுவது. பாகம் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். ஒரே நாளில் இறக்கிவிடலாம். படிப்பெட்டியை வெட்டி ஒட்டத் தொடங்கினால் உங்கள் மைனருக்குப் பக்கத்தில் இன்னொரு கொட்டில் போட வேண்டிவரும்.

கிண்ணியாப் பாலத்தடி:
அண்ணன் சொன்னதோடு இதையும் சேருங்கள். நின்றால் ஏறி, ஓடினால் இறங்கும் சூடு பெரும்பாலும் காற்றாடியின் பிழை. உங்களுடையது நேர்மாறு: ஓடினால் ஏறுகிறது. வேகத்தில் எஞ்சின் தரும் சூட்டைத் தாங்கும் அளவுக்குத் தண்ணீர் றேடியேற்றருக்குள் ஓடவில்லை. என் வேகனிலும் இதே கதைதான். கழற்றிப் பார்த்தால் குழாய்களின் வாயில் கேத்திலின் அடியில் படிவதுபோல வெள்ளைச் சுண்ணாம்பு. முன்பு வைத்திருந்தவர் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார்.

எஞ்சின் சூடானதும் நிறுத்திவிட்டு, றேடியேற்றரின் முகத்தில் புறங்கையைக் கிட்டக் கொண்டுபோங்கள். ஒரு பக்கம் சுடும், ஒரு பக்கம் சுடாது என்றால் சுடாத பக்கம் அடைப்பு. எஞ்சின் ஓடும்போது ஒருவரை அக்சிலறேற்றரை மிதிக்கச் சொல்லிக் கீழ்க் குழாயையும் பாருங்கள், சப்பையாகிறதா என்று. காலையில் குளிர்ந்த எஞ்சினில் றேடியேற்றர் மூடியைத் திறந்து ஸ்ரார்ட் செய்ததும் குமிழி வந்துகொண்டே இருந்தால் விட்டுவிடுங்கள். இந்த எஞ்சினின் தலை அலுமினியம். பலமுறை கொதித்த தலை வளையும்.

லிங்கநகர்:
மைனரையே முடித்து ஓட்டலாமே என்று யாராவது எழுதுமுன் நான் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். நான் இரண்டு வருடம் ஓட்டியவன். நான்கு சக்கரத்திலும் ட்ரம் பிறேக், பிறேக்கின் மாஸ்ரர் சிலிண்டர் ஓட்டுநரின் காலுக்குக் கீழே தரைக்குள். முன்சக்கரம் திரும்பும் மூட்டான ட்ரனியனுக்குக் கிறீஸ் அடிக்க மறந்தால் ஒருநாள் சக்கரம் மடிந்து விழும். டைனமோவில் ஓடுகிற கார், எஞ்சின் மெதுவாக ஓடும்போது முன்விளக்கு மங்கும். கந்தளாய் வீதியில் இரவில் யானை நிற்கிற இடத்தில்தான் நாம் மெதுவாகப் போவோம். மீதியை நீங்களே யோசியுங்கள்.

உப்புவெளியான்:
நேற்று நிலாவெளிக்குப் போனேன். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் மகள் ஒட்டியிருந்த மாம்பழக் காந்தம்தான் ஆயுதம். ஓட்டுநர் பக்கப் படிப்பெட்டியில் வைத்தேன், ஒட்டாமல் நழுவியது. ஒரு சாண் தள்ளி வைத்தேன், மறுபடியும் நழுவியது. விற்பவர் வானிலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பின்பக்கக் கால்விரிப்பைத் தூக்கினால், சதுரமாக வெட்டிய தகரம் ஒன்றை ஆணியடித்து மூடியிருக்கிறார்கள். பிஸ்கட் பெட்டித் தகரம். திகதி அச்சிட்ட இடம்கூட அழியவில்லை. எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்ற்றற் இருக்க வேண்டிய இடமும் வெறுமை. கிண்ணியா நானா, றேடியேற்றரில் கை வைக்கும் வரை நான் அங்கே நிற்கவில்லை.

மாத்தளைக் காரின் படங்களை வரவழைத்தேன். அடித்தளத்தில் கறுப்புத் தார்ப்பூச்சு அப்படியே இருக்கிறது. ஆனால் பதிவுப் புத்தகத்தில் 4கே, காரில் இருப்பது 5கே. அந்த நீலப் புகையும் மனதை உறுத்துகிறது.

பாலையூற்றுக் கராஜ்:
5கே 1486 சிசி. ஏறுவதற்கு நல்ல எஞ்சின், ஆனால் புத்தகத்தில் ஏறாத எஞ்சின். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எஞ்சின் மாற்றத்தை உரிமையாளரே பதிந்து தரட்டும், அதன் பிறகு பணம். கையொப்பம் மட்டும் வைத்த வெற்றுக் கடதாசியை வாங்கிக்கொண்டு வராதீர்கள். விபத்து என்று வந்தால் காப்புறுதிக்காரன் முதலில் பார்ப்பது அதைத்தான்.

புகைக்கு மாத்தளையில் இறக்கத்துக்குப் பஞ்சமில்லை. கியரில் விட்டுக் காலை எடுத்து இறங்குங்கள், கீழே வந்ததும் மிதியுங்கள். ஒரு கொத்து நீலப் புகை வந்து தெளிந்தால் வால்வு சீல். மிதிக்கும் நேரமெல்லாம் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங். முதலாவது உங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டாவதற்கு விலையைக் குறையுங்கள். கியர் முறைப்பது, கியர் சத்தமில்லாமல் விழ உதவும் சிங்க்ரோ வளையம், அதற்கு அவசரமில்லை.

உப்புவெளியான்:
ஒரு கொத்துத்தான் வந்தது, தெளிந்துவிட்டது. எஞ்சின் இலக்கத்தைப் பதிந்து தரச் சம்மதித்துவிட்டார், முற்பணம் கொடுத்திருக்கிறேன். ஓட்டிக்கொண்டு வரலாமா, லொறியில் ஏற்றவா?

பாலையூற்றுக் கராஜ்:
ஓட்டிக்கொண்டே வாருங்கள். விடியற்காலையில் புறப்பட்டுத் தம்புள்ளையில் ஒருமுறை, ஹபரணையில் ஒருமுறை நிறுத்தி ஒயில் குச்சியைப் பாருங்கள். ஒரு லீற்றர் ஒயிலும் ஒரு போத்தல் தண்ணீரும் பின்னால் கிடக்கட்டும். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்.