கடனில் கட்டும் வீடு பாதியில் நிற்கிறது: வேறு ஆளை வைத்து முடிக்கலாமா?

மதுரை ஒத்தக்கடை பக்கம் 1,100 சதுர அடி வீடு. வங்கிக் கடன் 24 லட்சம். பேஸ்மென்ட், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல்மட்டம்), ரூஃப், பூச்சு என்று கட்டம் கட்டமாகத்தான் பணம் வரும். லிண்டல் வரை காண்ட்ராக்டருக்குக் கொடுத்தாயிற்று. ஆடியில் ரூஃப் போட்டார். கான்கிரீட்டைத் தாங்க அடித்த சென்ட்ரிங் பலகைகளைப் பிரித்துப் பார்த்தால் ஒரு மூலையில் கம்பியே வெளியே தெரிகிறது, மழைக்கு ஒழுகுகிறது. அதைச் சரிசெய்யாமல் பூச்சுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்டார், கொடுக்கவில்லை என்றதும் வேலையை நிறுத்திவிட்டார். வட்டி மட்டும் நிற்கவில்லை.

வேறொரு பொறியாளரிடம் எழுத்தில் அறிக்கை வாங்கினேன். போட்டோக்கள் இருக்கின்றன. பதிவுத் தபாலில் நோட்டீஸும் அனுப்பியாயிற்று, பதில் இல்லை. வங்கியில் "அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள விவகாரம் சார்" என்கிறார்கள். வேலை பாதியில் நின்றால் என்ன செய்வது என்று முத்திரைத்தாள் ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை.

நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்துவிட்டு, தீர்ப்புக்குக் காத்திராமல் வேறு ஆளை வைத்து வேலையை முடித்தால் என் வழக்கு பலவீனமாகுமா?