புதுப்பிப்பு: டயட்டீஷியனிடம் போக ஆரம்பித்து 3 மாதம்

ஈட்டிங் டிஸார்டரிலிருந்து, அதாவது சாப்பாட்டோடு உள்ள உறவையே குலைத்துவிடும் மனநலப் பிரச்சினையிலிருந்து, மீண்டு வரும்போது டயட்டீஷியன் எதற்கு, எடை பார்த்துவிட்டு ஒரு அட்டவணையைக் கையில் திணித்து அனுப்பிவிடுவார்களே என்று முன்பு பயந்து எழுதியிருந்தேன். ஒருமுறை போய்ப் பாருங்கள் என்று பலர் சொன்னீர்கள். போனேன்.

முதல் நாள் எடை இயந்திரத்தின் பக்கமே அவர் போகவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவுகளைத்தான் கேட்டார். ரொம்ப நாள் சரியாகச் சாப்பிடாத உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் போன்ற தாது உப்புகளின் அளவு சட்டென்று இறங்கி இதயத்துக்கே ஆபத்தாகலாமாம். அதனால் மருத்துவரிடம் கலந்து பேசித்தான் சாப்பாட்டின் அளவைக் கூட்டுகிறார். இப்போதெல்லாம் எடை பார்க்கும்போது நான் திரும்பி நின்றுகொள்கிறேன், எண்ணை அவர் மட்டும் குறித்துக்கொள்கிறார். அது தெரியாமல் வீடு திரும்புவது எவ்வளவு பெரிய நிம்மதி!

அப்புறம், பசித்தாலும் பசிக்காவிட்டாலும் 3, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பிட வேண்டும். பசி உணர்வு திரும்ப நாளாகும், அதுவரை கடிகாரத்தை நம்புங்கள் என்றார். ஆரம்பத்தில் நாலு வாய்க்கே வயிறு உப்பி அழுதிருக்கிறேன். பட்டினியில் இரைப்பை காலியாகும் வேகம் குறைந்துவிடுகிறது, ஒழுங்காகச் சாப்பிடச் சாப்பிடத்தான் அது சரியாகும் என்று பொறுமையாகப் புரியவைத்தார்.

போன வாரம், நான் வருடக்கணக்கில் ஒதுக்கிவைத்திருந்த ஒரு உணவை அவர் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். அவரும் அதையே சாப்பிட்டார். கை நடுங்கி ஸ்பூன் தட்டில் இடித்துக்கொண்டே இருந்தது. பாதிதான் முடிந்தது. பரவாயில்லை, அடுத்த வாரமும் இதையே சாப்பிடுவோம் என்றார். சரி என்று சொல்லியிருக்கிறேன்.