கியூபெக் குடும்பத்தின் வேர் தேடியவர்கள் இருக்கிறீர்களா? என் அனுபவம் இது

என் வீட்டுக்காரர் கனடாவின் கியூபெக் மாகாணத்துக்காரர். பிரெஞ்சுதான் அவர்களுக்கு வீட்டுப் பேச்சு. தன் முன்னோர் பிரான்ஸில் எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார்கள் என்று தெரிந்துகொள்ள மாமனாருக்கு ரொம்ப ஆசை. கண் மங்கிவிட்டதால் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார், நான் தேடுவேன். இதில் இறங்குகிறவர்களுக்கு முதலில் சொல்வேன்: குடும்பப் பெயரை நம்பிப் போகாதீர்கள், கல்யாணப் பதிவைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

கியூபெக்கின் கத்தோலிக்கக் கோயில்களில் கல்யாணத்தை எழுதும்போது மாப்பிள்ளை, பெண் இரண்டு பேருடைய அப்பா அம்மா பெயரையும் பாதிரியார் எழுதிவிடுவார், அதுவும் அம்மாவைப் பிறந்த வீட்டுப் பெயரோடு. அதனால் ஒரு பதிவு கிடைத்தால் அடுத்து யாருடைய கல்யாணத்தைத் தேட வேண்டும் என்பதும் அதிலேயே கிடைத்துவிடும். நான் பார்த்த ஒரு பக்கத்தில் மாப்பிள்ளையின் அப்பா பெயருக்கு முன்னால் ‘மறைந்த’ என்று இருந்தது. உடனே அவருடைய அடக்கப் பதிவை அதற்கு முந்தைய வருடங்களில் தேடினேன், கிடைத்தது. 1940களில் ட்ரூவென் என்ற வம்சாவளி ஆய்வு நிறுவனம் இந்தப் பதிவேடுகளையெல்லாம் மைக்ரோஃபிலிமில் படம் பிடித்து வைத்தது பெரிய புண்ணியம்.

ஆனால் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். 1665இல் பிரான்ஸிலிருந்து கரின்யான்-சாலியேர் என்ற படைப்பிரிவோடு ஏறக்குறைய 1,200 வீரர்கள் வந்தார்கள், அதில் 400 பேர் வரை அங்கேயே குடியேறினார்கள். படையில் வைத்த பட்டப்பெயர் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. கூட்டுறவு வங்கி தொடங்கிய அல்ஃபோன்ஸ் டேஜார்டெனின் அப்பா பெயரே பதிவில் ‘ருவா, டேஜார்டென் எனப்படுபவர்’ என்றுதான் இருக்கிறது. ஒரு அண்ணன் ருவாவாகவும் தம்பி டேஜார்டெனாகவும் போயிருந்தால் பெயரை மட்டும் வைத்துத் தேடுகிறவர் என்ன செய்வார்?

ஆவணக் காப்பகத்தில் ஒரு பெரியவர் எனக்குப் பக்கத்து மேசை. மை பரவிப்போன ஒரு வரியில் நான் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு வந்து விரல் வைத்துக் காட்டினார்: சொந்தத்தில் கட்டக் கூடாது என்ற திருச்சபை விதியிலிருந்து, மூன்றாம் படி உறவுக்கு ஆயர் தந்த விலக்கு. “மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் கொள்ளுத்தாத்தா ஒருவரேதான், அம்மா! இரண்டு கிளையும் மேலே போய்ச் சேர்ந்துவிடும்” என்றார். அப்படியேதான் சேர்ந்தது. அந்த மனிதருக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

கடைசியில் ஊர் பெயர் வந்தது மாமனாரின் அம்மா வழியில். 1634இல் பிரான்ஸின் பெர்ஷ் பகுதியின் மோர்த்தாஞ் ஊரிலிருந்து வந்த தச்சர் சக்காரி க்ளூத்தியே. எழுதத் தெரியாததால் கையெழுத்துக்குப் பதில் கோடாலி வரைவாராம். கியூபெக்கில் எக்கச்சக்கமான குடும்பங்கள் அவரிடம்தான் போய் முடியும் என்று தெரிந்தும், மாமனார் அந்த ஊர்ப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

பதில் 1:
நாங்கள் மாசசூசெட்ஸில் இருக்கிறோம். என் மனைவியின் தாத்தா பெயர் கிரீன்வுட், ஆங்கிலேய வம்சம் என்றே வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். லோவல் ஊர்க் கோயிலில் அவருடைய ஞானஸ்நானப் பதிவு பிரெஞ்சில் இருந்தது, பெயர் புவாவேர்! அந்தப் பிரெஞ்சுப் பெயரை அப்படியே ஆங்கிலத்தில் மாற்றியதுதான் கிரீன்வுட். 1840க்கும் 1930க்கும் நடுவில் சுமார் 9 லட்சம் பேர் கியூபெக்கை விட்டு அமெரிக்கா வந்தார்கள், நிறையப் பேர் பஞ்சாலை வேலைக்கு. அந்த அலையில் வந்தவர்கள்தான் இவர்களும். மனைவிக்கு அன்று பூராவும் தூக்கமில்லை, பெரியம்மா வரைக்கும் எல்லோருக்கும் போன் போட்டாள்.

பதில் 2:
அக்கா, அம்மா வழி என்று சொன்னீர்களே, அதை இன்னும் மேலே கொண்டு போங்கள். 1663 முதல் 1673 வரை அங்கே குடியேறிய ஆண்களைக் கட்டிக்கொள்ளப் பிரெஞ்சு மன்னர் செலவில் அனுப்பப்பட்ட சுமார் 800 பெண்களில் யாராவது கட்டாயம் வருவார். என் மாமியார் வழியில் ஒருவர் வந்தார். கோயில் பதிவோடு நிற்காமல் நோட்டரி எழுதிய கல்யாண ஒப்பந்தத்தையும் பாருங்கள். அவருடைய ஒப்பந்தத்தில் மன்னர் கொடுத்த 50 லீவ்ர் (அன்றைய பிரெஞ்சுப் பணம்) சீதனம் தனியாகக் குறித்திருந்தது. சில பெண்கள் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டு வேறு ஆளைக் கட்டியிருக்கிறார்கள். அதெல்லாம் கோயில் ஏட்டில் வராது.

பதிவிட்டவர்:
நன்றி தங்கச்சி. நோட்டரி ஆவணம் இதுவரை தொடவில்லை. மாமனாரின் பாட்டி வழியிலிருந்து ஆரம்பிக்கிறேன், கிடைத்தால் இங்கேயே எழுதுகிறேன்.