வெளியூரில் கதிர்வீச்சுச் சிகிச்சை: தங்குவதா, சென்று வருவதா?

கேள்வி:
என் தாயாருக்குத் தொண்டைப் புற்றுநோய்க்காகக் கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்கவுள்ளது. வாரத்தில் 5 நாட்கள் வீதம் ஏறக்குறைய 7 வாரங்கள் என்கிறார்கள். மருத்துவமனை வெளியூரில் இருப்பதால், அங்கேயே தங்குவதா, நாள்தோறும் சென்று வருவதா என்று முடிவெடுக்க இயலவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
அருகிலேயே தங்குங்கள் என்பதே என் உறுதியான கருத்து. என் கணவருக்கு இதே சிகிச்சை நடந்தபோது, அன்றாடம் கதிர்வீச்சு கொடுக்கப்பட்டது சில நிமிடங்களே என்றாலும், மூன்றாம் வாரத்துக்குள் வாய்ப்புண்ணும் விழுங்குகையில் வலியும் தொடங்கி, களைப்பும் நாளுக்கு நாள் கூடியதால், நெடுந்தூரப் பயணத்தை அவர் உடல் தாங்கியிருக்காது. மென்மையான உணவை நாமே சமைத்துக்கொடுக்க வசதியுள்ள அறையாகப் பாருங்கள். எங்களுக்கு அதுவே பேருதவியாக இருந்தது. இன்னொன்று: தலை அசையாதிருக்க முகத்துக்கு உறை வார்த்து, சி.டி. ஸ்கேன் எடுத்துத் திட்டமிட்ட பின்பே சிகிச்சை தொடங்கும் என்பதால், தேதி உறுதியான பிறகு அறை எடுங்கள்.

மறுமொழி 2:
பக்கவிளைவுகள் கடைசி நாளுக்குப் பின்னும் ஓரிரு வாரங்கள் கடுமையாக இருக்கக்கூடும். ஆகவே ஊர் திரும்பும் நாளை மருத்துவரிடம் கேட்டே குறியுங்கள். தலை, கழுத்துப் புற்றுநோய்களில் இடையே நாட்கள் தவறினால் சிகிச்சையின் பலன் குறையும் என்று எங்கள் மருத்துவர் அழுத்தமாகக் கூறினார்.