அலுமினிய ஹெட்டில் ஹெடர் சரியாக உட்காரவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஸ்கார்பரோவில் இருக்கிறேன். வண்டி 1974 செவர்லே கமாரோ, 350 கன அங்குல ஸ்மால் பிளாக் V8 எஞ்சின். சிலிண்டர்களை மேலே மூடும் பழைய வார்ப்பிரும்பு ஹெட்களைக் கழற்றிவிட்டு, வேறு கம்பெனியின் அலுமினிய ஹெட்களைப் போட்டேன். ஹெடர் (ஹெட்டிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்கள்) மட்டும் பழையதுதான்.

சிக்கல் அங்கேதான். பழைய ஹெட்டில் ஸ்பார்க் பிளக் நேராக இருந்தது. புதியதில் சாய்வாக இருக்கிறது. டிரைவர் பக்கம் 5, 7ஆம் சிலிண்டர்களில் பிளக் வயரின் தொப்பி ஹெடர் குழாயை ஒட்டி நிற்கிறது. ஒருமுறை ஓட்டியதிலேயே 7ஆவது உருகிவிட்டது. ஹெட்டில் புகை வெளியேறும் துளையான எக்ஸாஸ்ட் போர்ட்டும் கொஞ்சம் மேலே இருப்பதால், ஹெடருக்கு இடையில் கசிவைத் தடுக்க வைக்கும் கேஸ்கெட்டின் ஓரம் துளைக்குள் எட்டிப்பார்க்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டிக் டிக் என்று சத்தம், சூடானதும் குறைகிறது. ஹெடரின் ஃபிளாஞ்சில் (ஹெட்டோடு பொருந்தும் தட்டை விளிம்பு) நேர்க்கோல் வைத்துப் பார்த்தால் நடுவில் வெளிச்சம் தெரிகிறது. சரி, அதைத் தேய்த்துச் சமப்படுத்திவிடலாம்.

எனக்குப் பயமெல்லாம் போல்ட்டில்தான். அலுமினியம் சூட்டில் இரும்பைவிட அதிகம் விரியும், மரையும் மென்மை. 3/8 அங்குல போல்ட்டை இறுக்கப்போய் மரை போய்விட்டால் ஹெட்டையே இறக்க வேண்டிவருமோ என்று கை நடுங்குகிறது.

சாய்வுப் பிளக்குக்கென்றே வளைத்த ஹெடர் வாங்குவதுதான் வழியா, இல்லை உடல் குட்டையான பிளக்கும் செராமிக் தொப்பியும் போதுமா? கேஸ்கெட் செம்பா, பல அடுக்கு எஃகா? அலுமினிய ஹெட்டோடு சில வருடமாவது ஓட்டியவர்கள் சொன்னால் பெரிய உதவி. 7ஆம் சிலிண்டர் படத்தைக் கீழே போடுகிறேன்.