டோடோனாவுக்கு எப்படிப் போறது?

கொக்கிரகுளத்தான்:
அண்ணாச்சிமாரே, ஏப்ரல்ல கிரீஸ் போக நினைக்கேன். எல்லாருக்கும் தெரிஞ்ச அப்பல்லோ குறித்தலம் டெல்பி இல்ல, ஓக் மர இலைச் சத்தத்துல கிரேக்கக் கடவுள் ஜீயஸ் குறி சொன்ன டோடோனாவைப் பாக்கணும். எப்படித் திட்டம் போடணும்? அங்க இப்ப என்ன மிச்சம் இருக்கு?

தாமிரபரணிக்கரை:
கிரீஸ் உள்பட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாசம் முன்னாடியே மனு போடலாம். கடைசி 15 நாளுக்குள்ள போட்டா ஏத்துக்கிட மாட்டாங்க. காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. நம்ம பக்கத்துலருந்து திருவனந்தபுரம் போய், வளைகுடா வழியா ஏதென்ஸ் போறது சுளுவு.

ஏதென்ஸ்ல கிஃபிசோஸ் பஸ் நிலையத்துல வடமேற்கு கிரீஸ்ல இருக்க யோவானினா ஊருக்குப் பஸ் ஏறுங்க, ஏறக்குறைய 6 மணி நேரம். டெல்பி பஸ் புறப்படுறது லியோசியோன் நிலையம். ரெண்டையும் மாத்திக்கிட்டா அன்னைக்குப் பஸ்ஸை விட்டுருவீங்க. யோவானினாவுலருந்து டோடோனா 22 கி.மீ. அந்தத் தடத்துல பஸ்ஸை நம்பாதீங்க. டாக்ஸி பேசும்போதே 2 மணி நேரம் நின்னு திரும்பக் கூட்டிட்டு வரணும்னு சேர்த்துப் பேசிருங்க. வாடகைக் கார்னா, பன்னாட்டு ஓட்டுநர் உரிமத்தை இங்க ஆர்.டி.ஓ.லயே வாங்கிட்டுப் போகணும். ஈஸ்டர் ஞாயிறும் மே 1-ம் அங்க பூட்டிருப்பாங்க. ஈஸ்டர் தேதி நம்ம காலண்டர்ல இருக்கது இல்ல, ஆர்த்தடாக்ஸ் கணக்கு.

பாளையங்கோட்டை வாசகி:
தம்பி, முதல்ல யோவானினா அருங்காட்சியகம், பிறகு டோடோனா. மாத்திப் போனா வெறும் அஸ்திவாரக் கல்லு மாதிரிதான் தெரியும். குறி கேக்க வந்தவங்க ஈயத் தகட்டுல கேள்வியைக் கீறிச் சுருட்டி வச்சாங்க. 4,200-க்கு மேல வாசிச்சு 2013-ல வெளியிட்டிருக்காங்க. ஆகிஸ்னு ஒருத்தர் போர்வையும் தலையணையும் தொலைஞ்சுதா, வெளியாள் திருடினானான்னு கேக்காரு. லிசானியாஸ், அன்னிலா வயித்துல இருக்க பிள்ளை என்னதானான்னு கேக்காரு. அநேகக் கேள்வி ஆமா, இல்லைன்னு பதில் சொல்லுற மாதிரிதான் இருக்கு. நம்ம ஊருல பூக்கட்டிப் பாக்கது ஞாபகம் வரும். டோடோனாவுல சீட்டுக் குலுக்கியும் பாத்திருக்காங்க: அந்தப் பக்கத்து மொலோசிய மக்களோட ராஜா வளத்த குரங்கு அந்தச் சீட்டுகளைக் கலைச்சுப் போட்டதை ரோமானிய எழுத்தாளர் சிசரோ எழுதியிருக்காரு.

தலத்துக்குள்ள எல்லாரும் அந்தப் பக்கத்தை ஆண்ட பைரஸ் ராஜா காலத்து அரங்கத்தைப் பாத்துட்டுத் திரும்பிருவாங்க. அப்படிச் செய்யாதீங்க. அதுக்குக் கிழக்க, சபை மண்டபத்தைத் தாண்டினாத்தான் மரம் நின்ன புனித வீடு. கி.மு. 4-ம் நூற்றாண்டு வரைக்கும் அங்க கோயிலே கிடையாது. மரத்தடியும், அதைச் சுத்தி ஒண்ணையொண்ணு தொட்டுக்கிட்டு நின்ன வெண்கலக் கொப்பரைகளுந்தான். ஒண்ணைத் தட்டினா ஓசை சுத்தி வரும். சுடலைமாடன் பீடத்தைப் பாத்து வளந்தவங்களுக்கு அந்த இடத்தை விளக்கவே வேண்டாம்.

கொக்கிரகுளத்தான்:
இப்ப நிக்கது அந்தப் பழைய மரமா அக்கா?

பாளையங்கோட்டை வாசகி:
இல்ல. பழசு கி.பி. 4-ம் நூற்றாண்டுக் கடைசியில வெட்டுப்பட்டுப் போச்சு. இது அகழாய்வு செஞ்சவங்க பின்னாடி நட்டது.

தாமிரபரணிக்கரை:
காலையில கதவு திறந்ததும் போங்க, காத்துல இலைச் சத்தம் கேக்கணும்னா கூட்டம் இருக்கக் கூடாது. டோடோனா இருக்க எபிரஸ் வட்டாரம் மழை ஊரு. ஏப்ரல்லயும் புல்லு ஈரமா இருக்கும், கல்லு வழுக்கும். ரப்பர் செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ போட்டுக்கோங்க. தண்ணி கையில இருக்கட்டும்.