வல்லெட்டா: பார்த்து வந்தும் மனத்தை விட்டு அகலாதவை (அனுபவப் பகிர்வு)

உப்புக்காற்று:
மால்டாவுக்குப் போய் வந்தவர்கள் இங்கே பலர் உண்டு, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். மால்டாவின் தலைநகர் வல்லெட்டா, புனித யோவான் இணைப் பேராலயம், இத்தாலிய ஓவியர் காரவாஜியோ 1608இல் வரைந்த ‘திருமுழுக்கு யோவானின் தலைவெட்டு’. அச்சில் எத்தனையோ முறை பார்த்த ஓவியம்தான். ஐந்து மீட்டர் அகல ஓவியத்தின் நேரே நின்றபோதுதான் வெட்டுபவனின் கை கண்ணில் பட்டது. வாள் தரையில் கிடக்கிறது, ஆனால் வேலை முடியவில்லை. ஒரு கை யோவானின் தலைமயிரைப் பற்றியிருக்கிறது, மறு கை முதுகுக்குப் பின்னால் குறுங்கத்தியை உருவப் போகிறது. சிறைக்காவலன் தலையை எங்கே போட வேண்டும் என்று விரலை நீட்டிக் காட்டுகிறான். ஒரு கிழவி மட்டும் இரண்டு கைகளாலும் தன் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அங்கிருக்கும் அத்தனை பேரிலும் அவளுக்கு மட்டும்தான் தாங்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் வழிகாட்டி கொடியை உயர்த்திவிட்டார், அடுத்த கூட்டம் உள்ளே வந்துவிட்டது. அந்தக் குறை எனக்கு இன்றுவரை தீரவில்லை.

மண்வாசனை:
எனக்கு ரிபப்ளிக் தெருவில் இருக்கும் தொல்லியல் அருங்காட்சியகம்தான். அங்கே ‘உறங்கும் பெண்’ சிலை. சுமார் 12 சென்டிமீட்டர், உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒருக்களித்து, கையைத் தலைக்கு அணையாகக் கொடுத்துப் படுத்திருக்கிறாள். படுக்கும் கட்டிலைக்கூட விடாமல் வடித்திருக்கிறார்கள். பக்கத்தில் நின்ற ஒரு சிறுமி, “இவள் தூங்குகிறாளா, செத்துப்போய்விட்டாளா?” என்று தன் அம்மாவிடம் கேட்டாள். அம்மா வாயைத் திறக்கவில்லை. சிலை கிடைத்த இடம் ஹால் சஃப்லியேனி, ஆயிரக்கணக்கானோரை அடக்கம் செய்த நிலத்தடிக் கல்லறை. ஆய்வாளர்கள் இரண்டு பதிலையும் சொல்கிறார்கள். நானாக இருந்தால் அந்தக் குழந்தையிடம் என்ன சொல்லியிருப்பேன் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

கோட்டைவாசல்:
உப்புக்காற்று, உங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எல்லாரும் அந்த ஓவியத்துக்கே ஓடுகிறார்கள், காலடியை யார் பார்க்கிறார்கள்? பேராலயத்தின் தரை முழுவதும் கல்லறைதான், ஏறக்குறைய 400 பளிங்குப் பலகைகள். வண்ணக் கற்களை இழைத்து எலும்புக்கூடு, அரிவாள், மணற்கடிகாரம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு காட்சி. நான் போன அன்று ஒருவர் ஒரு மண்டையோட்டின் முகத்தில் மிதித்து நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போகிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். கூரான குதிகால் செருப்போடு பேராலயத்துக்குப் போகாதீர்கள், பளிங்கு கெடும் என்பதால் அனுமதி இல்லை. கதவு திறக்கும் நேரத்திலேயே போய் நின்றுவிட்டால் எந்த வழிகாட்டியின் கொடியும் உங்களை விரட்டாது. மண்வாசனை சொன்ன நிலத்தடிக் கல்லறை வல்லெட்டாவில் இல்லை, பாவ்லாவில் இருக்கிறது. நம் மூச்சின் ஈரமே உள்ளே இருக்கும் செங்காவி ஓவியங்களைக் கெடுத்துவிடும் என்பதால் மணிக்குப் 10 பேரைத்தான் விடுகிறார்கள். ஆகவே விமான டிக்கெட் எடுத்த கையோடு அதற்கும் பதிவு செய்துவிடுங்கள். வல்லெட்டாவின் அப்பர் பராக்கா தோட்டத்துக்குக் கீழே பகல் 12 மணிக்கும் மாலை 4 மணிக்கும் பீரங்கி முழங்கும், முன்கூட்டியே போய்க் கைப்பிடிச் சுவரோரம் இடம் பிடியுங்கள். முதியவர்கள் துறைமுகத்திலிருந்து படியேற வேண்டாம், 58 மீட்டர் உயர லிஃப்ட் இருக்கிறது. நகரமே ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவுதான், டாக்சி எதற்கு? நடந்தே பாருங்கள். ஆனால் தெருக்கள் செங்குத்தானவை, முழங்கால் வலி உள்ளவர்கள் ஒரு நாளில் இரண்டு இடங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள்.

தூரதேசி:
செயின்ட் எல்மோ கோட்டையின் போர் அருங்காட்சியகத்தை ஒருவரும் சொல்லவில்லையே! அங்கே இரண்டாம் உலகப் போரில் பறந்த ‘ஃபெய்த்’ என்ற கிளாடியேட்டர் போர் விமானம் இறக்கைகள் இல்லாமல் நிற்கிறது. 1942 ஏப்ரலில் பிரிட்டனின் ஆறாம் ஜார்ஜ் மன்னர் தீவு மக்கள் அனைவருக்கும் சேர்த்து அளித்த ஜார்ஜ் கிராஸ் என்ற வீரப் பதக்கமும் அங்கேதான். எல்லாரும் அதைச் சுற்றி நின்றார்கள். ஒரு பெரியவர் மட்டும் அந்தப் பக்கமே போகாமல் விமானத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். “குண்டுக்குப் பயந்து ஊரார் ஒளிந்திருந்த பதுங்கிடத்தில் பிறந்தவன் நான். என்னைத் தூக்கிக்கொண்டு அம்மா மேலே வந்தபோது எங்கள் தெரு இல்லை” என்றார். நான் எதுவும் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.

உப்புக்காற்று:
கோட்டைவாசல் ஐயா, தரை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே கல் கிடைத்தவர்கள் எல்லாம் குடிப்பெருமையும் பதவியும் உள்ளவர்கள். காரவாஜியோவை 1608 ஜூலையில், அப்போது மால்டாவை ஆண்ட புனித யோவான் வீரத்துறவியர் சபையில் சேர்த்தார்கள். டிசம்பரில், இந்த ஓவியம் இருக்கும் அதே கூடத்தில், ஆள் இல்லாமலேயே நீக்கினார்கள். அதற்குள் அவர் சிறையிலிருந்து தப்பி சிசிலிக்குப் போய்விட்டிருந்தார். யோவானின் இரத்தத்தில் அவர் எழுதிய கையெழுத்தை யாராலும் நீக்க முடியவில்லை. அவர் கையெழுத்திட்ட ஓவியம் இது ஒன்றுதான். மறுபடி போனாலும் என் நேரம் அதற்குத்தான்.

தூரதேசி, அந்தப் பெரியவர் வல்லெட்டாக்காரரா, துறைமுகத்துக்கு அக்கரையில் இருந்தவரா? ஊரைச் சொன்னாரா?